வள்ளி திருமணம் ஆடிப் பிழைக்க முடியுமா? சினிமாவுக்கும் போக முடியுமா?

தாண்டிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். டிகிரி முடித்துவிட்டாராம். ஊர்த் திருவிழாவில் உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்து போட்ட வள்ளி திருமணத்தில் வேலன் வேஷம் கட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருந்தது என்றார்களாம். இதையே தொழிலாக எடுத்தால் பிழைக்க முடியுமா, பழைய நாடகம் ஆடுகிறவனைச் சினிமாவில் சேர்ப்பார்களா, வீட்டில் வேண்டாம் என்கிறார்களே என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

நான் வத்தலக்குண்டுக்காரன். ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகன் வேஷத்தில், நிறைய மேடை பார்த்தவன். கொடைக்கானல் மலையில் கீழ்மலை, மேல்மலை இரண்டிலும் ஆடியிருக்கிறேன். சில படங்களிலும் தொடர்களிலும் சின்ன வேஷங்கள் செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிழைக்க முடியும். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருஷத்தில் பாதிதான் உண்டு. மாசி, பங்குனியில் சூடு பிடிக்கும். சித்திரை, வைகாசியில் தூக்கத்துக்கே நேரம் இருக்காது. ஆடி முடிந்ததும் டைரியில் பக்கங்கள் காலியாகிவிடும். மிச்ச மாதங்களுக்கு வேறு வருமானம் வேண்டும். உங்கள் ஊரில் காப்பியோ மிளகோ மலைவாழையோ கொஞ்சம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, அது சரியாக எங்கள் சீசன் தொடங்கும் நேரம். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள் எல்லாரும். ஒரு துண்டு நிலமோ ஒரு தையல் மிஷினோ வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். மேடையை மட்டுமே நம்பியிருந்த ஆர்மோனியக்காரர்களும் மிருதங்கக்காரர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இப்போது தொழில் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஆடியது உள்ளூர் நாடகம். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரே ஊர்ப் பையன்கள் ஆடியிருப்பீர்கள். தொழில்முறை ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதே கிடையாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய், சங்கத்திலோ ஏஜென்டிடமோ பேசி, ராஜபார்ட் இன்னார், கதாநாயகியாக ஆடும் ஸ்திரிபார்ட் இன்னார், சிரிக்க வைக்கும் பபூன், டான்ஸ், நாரதர் இன்னார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள். நோட்டீஸில் போட்டோவும் பட்டமும் போட்டு அடிப்பார்கள். நாங்கள் ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து, ஒருவர் மணப்பாறையிலிருந்து, ஒருவர் மதுரையிலிருந்து அவரவர் பஸ்ஸில் வந்து சேருவோம். சில நாள் என் வள்ளியை நான் முதன்முதலில் பார்ப்பதே மேக்கப் போடும் இடத்தில்தான். வணக்கம் சொல்லிக்கொள்வோம், என்ன சுருதி என்று ஆர்மோனியக்காரரிடம் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஆட வேண்டும்.

இது சாத்தியமாவதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாடம். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் காலமானார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதியவற்றைத்தான் இன்றும் ஆடுகிறோம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்று சிறுவர்களை வைத்துக் கம்பெனி தொடங்கினார். அங்கேதான் டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டு, வசனம், எந்த இடத்தில் தாளமில்லாமல் பாடும் விருத்தம், எந்த இடத்தில் வாக்குவாதமாக நடக்கும் தர்க்கம் என்ற வரிசை எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால், முன்பின் தெரியாத ஐந்து பேர் மேடையில் சந்தித்து ஒரு கதையை நடத்திவிட முடிகிறது. எனக்குத் தெரிந்து நடிப்பில் இதைவிடக் கடினமான பயிற்சி வேறு இல்லை.

ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். வேடன் வேஷத்தில் வேலன், அதாவது முருகன் வந்து, இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததா என்று கேட்கிறான். இங்கிருந்து தர்க்கம். பாடத்தில் இருக்கிற கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். அனுபவமுள்ள ஸ்திரிபார்ட் அதோடு நிற்க மாட்டார். மானுக்கு அடையாளம் கேட்பார், உன் ஊர் எது, குலம் எது என்பார், வேடன் என்கிறாயே, கையில் வில் பிடித்த காய்ப்பைக் காட்டு என்பார். அந்த நொடியில் பதில் வர வேண்டும், பதில் எதுகையோடு வர வேண்டும், அது பாட்டில் போய் முடிய வேண்டும். எந்தப் பாட்டுக்குப் போகிறேன் என்பது ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடும் பின்பாட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரியாது. வசனத்தின் கடைசிச் சொல்லைச் சற்று இழுத்து, ராகத்தின் சாயலை அதில் வைத்துவிட்டால் அவர் பிடித்துக்கொள்வார். மிருதங்கக்காரர் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் மூன்று நான்கு நொடிக்குள் நடக்கிற காரியம். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதாகத்தான் தெரியும்.

இதே தர்க்கத்தை மலையில் ஆடும்போது தனிச் சுவை. உன் ஊர் எது என்று வள்ளி கேட்டதும், நான் பழனிமலை என்று தொடங்கி, பூம்பாறை, கூக்கால், மன்னவனூர் என்று அந்தப் பக்கத்து ஊர்களை வரிசையாகச் சொல்லி, இந்த மலை அத்தனையும் என் வேட்டைக்காடு என்று முடிப்பேன். பூம்பாறையில் குழந்தை வேலப்பராக முருகனை வைத்துக் கும்பிடுகிற சனங்கள். காட்டுப்பன்றி வந்து பயிரை அழிப்பதும் ராத்திரி காவலுக்குப் போவதும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. தினைப்புனக் காவல் என்றால் அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சமவெளியில் சிரிப்புக்காக விடப்படும் வரிகளை மேல்மலையில் பெரியவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள்.

ஆனால் மலை மேடை உடம்பை வாங்கிவிடும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7000 அடி. திறந்த மேடையில் நள்ளிரவு தாண்டி நாரதர் வரும்போது பனி இறங்கிக்கொண்டிருக்கும். ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆர்மோனியம் நின்ற இடத்தில் நிற்கும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கு இடையிலும் மிருதங்கக்காரர் தட்டிச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார். சனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆங்காங்கே தீ மூட்டிக் குளிர்காய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தப் புகை முழுக்க மேடைக்குத்தான் வரும். கமிட்டிக்காரர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லி, தீயைக் காற்று போகிற பக்கம் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், தொண்டைதான் முதல்.

இன்னொன்று, அரிதாரம் என்கிற மேக்கப்பைக் கலைப்பது. கீழே எல்லோரும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் கலைப்போம். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மலையில் விடிகாலையில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. நல்லெண்ணெய் கொண்டு போங்கள். முகத்தில் முத்துவெள்ளைப் பூச்சோடு முதல் பஸ்ஸில் பெருமாள்மலை வரை வந்த கலைஞர்களை எனக்குத் தெரியும்.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தொழிலே அதில்தான் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற பாடகர்-நடிகர்கள் ஐந்து கட்டைக்கு மேல், அதாவது மிக உயர்ந்த சுருதியில் பாடிக் கடைசி வரிசைக்குக் கேட்க வைத்தார்கள். இன்று மைக் இருக்கிறது, அந்த உயரம் தேவையில்லை. உங்களுக்கு இயல்பான சுருதி எதுவோ அதிலேயே நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் ஸ்திரிபார்ட்டின் சுருதி வேறாக இருக்கும். அவர் பாடி முடித்த உடனே உங்கள் சுருதிக்குத் தாவிப் பிடிக்கப் பழக வேண்டும். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேடை ஏறாதீர்கள். சுடுதண்ணீர், மிளகு, பனங்கற்கண்டு போதும். மலைப்பாதையில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்காதீர்கள். அந்தக் காற்று மறுநாள் நாடகத்தைக் கெடுத்துவிடும். பகல் தூக்கத்தைக் கடமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் தொடர்ச்சியாக ராத்திரி ஆடி, பகலில் கல்யாணம் காட்சி என்று சுற்றுகிறவர்களுக்கு முப்பத்தைந்து வயதிலேயே குரல் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சினிமா.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன வழி தமிழில் மிகப் பழையது. 1934இல் வந்த பவளக்கொடி படத்தில் தியாகராஜ பாகவதர் நடித்தது, மேடையில் ஏற்கனவே ஆடிப் பேர் வாங்கிய நாடகத்தைத்தான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் கிட்டப்பாவோடு ஸ்பெஷல் நாடகம் ஆடியவர். 1935இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லோரும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். ஆனால் அந்த வழி இப்போது அப்படியே திறந்திருக்கவில்லை. இன்றைக்குச் சினிமாவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் திருவிழா மேடைக்கு வந்து பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது சென்னை நவீன நாடகக் குழுக்களை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று ஒரு வரிசையே வந்தது. அந்தப் பட்டறைக்கு உரம் போட்டது புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து என்பதை மறக்கக் கூடாது. மதுரை நிஜ நாடக இயக்கத்தின் மு. ராமசாமியைப் பாருங்கள். கிரேக்க நாடகமான ஆன்டிகனியைத் துர்க்கிர அவலம் என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். எத்தனையோ வருஷம் நாடகம், பேராசிரியர் வேலை என்று இருந்துவிட்டு, வயதான பிறகு ஜோக்கர் படத்தில் நல்ல வேஷம், 2019இல் கே.டி. என்கிற கருப்புதுரையில் கதையைத் தாங்கும் வேஷம். சினிமா அவரிடம் வந்தபோது அவர் முழுமையான நடிகராக இருந்தார். எனக்கு அந்த வாழ்க்கை மேல் பெரிய மரியாதை உண்டு.

படப்பிடிப்பில் நமக்கு எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன். கொடைக்கானலில் பைன் காட்டில் ஒரு படம். எனக்கு ஊர்ப் பெரியவர் வேஷம், இரண்டு வரி வசனம். மேடைப் பழக்கத்தில் மூன்றாவது வரிசைக்கு அப்பால் பார்த்துப் பேசினேன். உதவி இயக்குநர் காமிராவுக்குப் பக்கத்தில் தன் கையை மடக்கி நீட்டி, "அண்ணே, லுக் இங்க, இந்தக் கையைப் பாருங்க" என்றார். எதிரே பேச வேண்டிய நடிகர் அன்று வரவே இல்லை. தர்க்கம் ஆடிப் பழகியவனுக்கு எதிராளி இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பனி விலகியதும் அதே வரி, அதே முகம், டீ டம்ளரைத் தூக்கிய அதே கை. மேடையில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வரியைப் புதிதாகச் சொன்னால் பாராட்டுவார்கள். காமிரா முன்னால் அப்படி மாற்றினால் முதல் ஷாட்டும் இரண்டாவது ஷாட்டும் ஒட்டாது.

குரலையும் கையையும் குறைத்துக்கொள்வது பழக்கத்தில் வந்துவிடும். உள்ளே இருக்கும் வேகத்தைக் குறைக்காமல் வெளியே குறைப்பதுதான் பெரிய வேலை. அரிச்சந்திர மயான காண்டத்தில் பிள்ளையின் பிணத்தோடு சந்திரமதி வரும்போது, சுடலைக் காவலனாக நிற்கும் அரிச்சந்திரன் சில நிமிஷம் பேசவே மாட்டான். கேட்டுக்கொண்டு மட்டும் நிற்பான். அந்த இடத்தை நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டவனுக்குக் குளோசப் ஒரு பயமே இல்லை. எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, என்ன நடந்தாலும் மேடையை விட்டுப் போகாமல் சமாளிப்பது, நூற்றுக்கணக்கான பாடல்களை நினைவில் வைத்திருப்பது, இந்த மூன்றும் செட்டில் கண்டிப்பாக உதவும். பக்கம் பக்கமாக வசனம் கொடுத்தாலும் நாடகக்காரன் பிராம்ப்ட் கேட்க மாட்டான் என்று தொடர் எடுக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் என் யோசனை இது. சினிமாவுக்குப் போவதற்காக நாடகத்துக்கு வராதீர்கள். மலையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். சீசன் நேரத்தில் ஒரு நாள் கால்ஷீட்டுக்காக அட்வான்ஸ் வாங்கிய ஊரை விட்டுவிட்டுப் போனால், அந்த ஊர் மட்டுமில்லை, சுற்றியுள்ள பத்து ஊரும் உங்களைக் கூப்பிடாது. ஆவணிக்குப் பிறகு கிடைக்கிற மாதங்களைச் சினிமாவுக்கும் தொடருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கத்து வழியும் இருக்கிறது. வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுப்பார்கள். மதுரை நிலையத்தில் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். உடம்பில்லாமல் குரலால் மட்டும் நடிக்கும் அந்தப் பயிற்சி டப்பிங்குக்கு அப்படியே கைகொடுக்கும்.

வீட்டில் வேண்டாம் என்பதற்கு வருவோம். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கூத்தாடி என்று சொல்லிப் பெண் கொடுக்க யோசிக்கிற வீடுகள் இன்றும் உண்டு. ஆண்களுக்கு இது ஒரு பங்கு என்றால் ஸ்திரிபார்ட், டான்ஸ் ஆடும் பெண்களுக்குப் பத்து பங்கு. விடிய விடிய முருகனுக்குப் பெண்டாட்டியாக நின்று கும்பிடு வாங்கியவர், விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும்போது கேட்க நேரும் பேச்சைச் சொல்லவே கூசுகிறது. நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால், உங்களோடு ஆடும் பெண் கலைஞர்கள் பத்திரமாகப் பஸ் ஏறும்வரை கூட நிற்பதை உங்கள் வேலையில் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டாரிடம் வாக்குவாதம் பண்ணாதீர்கள். ஒரு நல்ல ராஜபார்ட் ஆடும் ராத்திரிக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பத்து மணி பபூன் வந்ததும் எழுந்து போகாமல், விடிகாலைக் கல்யாணம் வரை உட்கார வையுங்கள். முன்ராத்திரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் எங்களைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார்கள்.

எங்கே கற்றுக்கொள்வது? முறையான படிப்பு வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. உங்கள் மலையடிவாரத்திலும் ஒரு வரலாறு உண்டு. சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தில் 1977இல் நடந்த நாடகப் பயிலரங்கிலிருந்துதான் தமிழ் நவீன நாடகக்காரர்கள் பலர் கிளம்பினார்கள். ஆனால் வள்ளி திருமணத்துக்குப் பட்டம் போதாது. ஆடுகிற ஒரு வாத்தியாரிடம் போய் உட்கார வேண்டும். முதலில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடச் சொல்வார். போடுங்கள். ஒரு சீசன் முழுக்க ஜால்ரா தட்டியவனுக்குக் கதை, பாட்டு, எந்த நடிகர் எங்கே இழுப்பார் என்பதெல்லாம் தானாக ஏறிவிடும். கையில் கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருப்புகழை வாய்விட்டுப் படியுங்கள். அருணகிரியின் சந்தம் நாக்கில் படிந்துவிட்டால் தர்க்கத்தில் சொல்லுக்குத் திணற மாட்டீர்கள். மோகனம், காம்போதி, செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, முகாரி ஐந்திலும் விருத்தம் பாடத் தெரிந்தால் முதலுக்குப் போதும். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, அதனால் சுலபம் என்று நினைப்பார்கள். ஒருவன் பாடகனா இல்லையா என்று அங்கேதான் தெரிந்துவிடும்.

வந்ததும் வேலன் வேஷம் கேட்காதீர்கள். வள்ளியின் அப்பா நம்பிராஜன், அப்புறம் நாரதர், அதற்குப் பிறகு வேலன். நாரதர்தான் உண்மையான பள்ளிக்கூடம். வள்ளியோடு முதல் தர்க்கம் அவருக்குத்தான்.

கடைசியாகப் பணமும் காகிதமும். ஒரே மேடையில் நிற்கிறவர்களுக்கு ஒரே சம்பளம் கிடையாது. நோட்டீஸில் யார் பெயர் மேலே இருக்கிறதோ, யாருக்காகக் கூட்டம் வருகிறதோ அவர்களுக்கு அதிகம். புதியவர் என்பதால் குறைத்துக் கேட்பார்கள், முதல் சீசன் அப்படித்தான் போகும். ஆனால் மிச்சப் பணத்தை மேடை ஏறுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். மலை ஊர் ஒன்றில் விடிகாலைக் கல்யாணம் முடிந்து அரிதாரம் கலைத்துவிட்டுப் பார்த்தால் கமிட்டியில் ஒருவர்கூட இல்லை. ஆளுக்கொரு பக்கம் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பஸ் காசுக்கு டீக்கடைக்காரரிடம் கைமாற்று வாங்கித்தான் கீழே இறங்கினோம். மேல்மலை ஊர்களுக்கு ஒப்புக்கொள்ளும்போது, முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்க இடம், படுக்கக் கம்பளி, குளிக்க வெந்நீர், மறுநாள் இறங்க வண்டி என்ற நான்கையும் சம்பளத்தோடு சேர்த்துப் பேசி, ஒப்புக்கொண்ட சீட்டில் எழுதி வாங்குங்கள். ராத்திரி மைக்குக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது கமிட்டியின் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நடுவில் நாடகத்தை நிறுத்தச் சொன்னால் உங்கள் சம்பளம் போகக் கூடாது.

திண்டுக்கல்லில் நாடக நடிகர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கி, தவறாமல் புதுப்பியுங்கள். கொஞ்சம் காலூன்றிய பிறகு தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே நாடக நடிகர்களும் உறுப்பினர்கள்தான். இப்போதைக்கு, வருகிற பங்குனிக்குள் ஒரு வாத்தியாரைப் பிடித்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது.